பிடி அரிசி தந்த கைகள்

(கழகத்தின் வெள்ளி விழாப் பொதுக்கூட்டத்தில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். கல்வியின் சிறப்பைப் பேச இம்மேடையில் எமக்கு முன்னும் பின்னும் பலர் உளர். ஆதலால் அவரிடம் இசைவு பெற்று, வேறொரு பொருளைப் பேச எழுந்துள்ளோம். முதிய பெண்களின் கைப்பிடி வலிமையும், அவர்தம் எழுந்து நடமாடும் ஆற்றலுமே அப்பொருள். "கல்விக் கழக விழாவில் பாட்டிமாரின் கைகால் வலியா?" என்று இளைஞர் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு முன்னர் இக்கழகம் பிறந்த வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோமாக.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நமக்குக் கட்டடம் இல்லை, மனை இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு கரும்பலகை, ஒரு குண்டு பல்பு, இவையே நம் சொத்து. மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கவும் பணமில்லாத நிலையில், நம் தெருத் தாய்மார்கள் கூடி ஒரு முடிவு செய்தனர். நாள்தோறும் உலையில் அரிசி இடும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு வைப்பது. வாரம் ஒருமுறை அதைத் திரட்டி விற்றுக் கழகத்திடம் கொடுப்பது. கழகத்தின் முதற் கணக்கேட்டைப் புரட்டிப் பாருங்கள். முதற் பக்கத்தில் எந்தச் செல்வந்தரின் பெயரும் இல்லை. "பிடி அரிசி வரவு" என்றே எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒரு பிடி, தம் வயிற்றுக்குரிய பிடி என்பதை நாம் மறத்தல் ஆகாது. வீட்டில் எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்டவர் அவரேயன்றோ!

கையால் இறுகப் பற்றுவதும் பிடி. கைக்குள் அடங்கும் அளவும் பிடி. நம் கழகத்தை வளர்த்தது பிடி. அந்தப் பிடி இன்று எவ்வாறு உள்ளது?

இன்று காலை கொடியேற்றம் முடிந்து அனைவரும் இம்மண்டபத்திற்குள் வந்தோம். மண்டபத்திற்கு ஐந்து படிகள். பக்கத்தில் கைப்பிடிக் கம்பி இல்லை. இளைஞர்கள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினர். முதற் பிடி அரிசி இட்டவர்களுள் இன்று நம்மிடையே உள்ளவர் பதினொருவர். அவர்களுள் எழுவர் முதற்படி வரை வந்து நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "உள்ளே புழுக்கமா இருக்கும், இங்கேயே நல்லா காத்து வருது" என்று சொல்லிப் புங்க மரத்தடிக்குத் திரும்பினர். அவர்கள் காற்றை நாடித் திரும்பவில்லை. படியைக் கண்டு திரும்பினர். அவ்வெழுவருள் எம் தாயாரும் ஒருவர். தாம் கட்டிய மண்டபத்திற்குள் தாமே நுழைய இயலாமல் அவர்கள் வெளியே அமர்ந்திருக்க, நாம் உள்ளே அமர்ந்து அவர்தம் தொண்டைப் புகழ்ந்து கொண்டிருக்கிறோம்.

கைப்பிடி எதைச் சொல்கிறது?

கைப்பிடி வலிமையை அளக்க ஒரு கருவி உண்டு. அதற்கு டைனமோமீட்டர் என்று பெயர். ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்து இயன்ற மட்டும் இறுக்கினால், இத்தனை கிலோ என்று அது காட்டும். பார்ப்பதற்கு எளிய கருவி. ஆனால் அது சொல்லும் செய்தி பெரிது.

2015-ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. இந்தியா உட்பட 17 நாடுகளில், 35 முதல் 70 வயது வரையுள்ள ஏறத்தாழ 1,40,000 பேரின் கைப்பிடி வலிமையை அளந்து, சுமார் நான்கு ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். பிடியில் ஒவ்வொரு 5 கிலோ குறைவுக்கும் இறப்பின் வாய்ப்பு 16 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைக் காட்டிலும் கைப்பிடியே இறப்பை நன்கு முன்னறிவித்தது என்பது அவ்வாய்வு கண்ட முடிபு. நம் நாட்டிலும் 2017-18-இல் நடந்த முதியோர் பற்றிய நீண்டகால ஆய்வின் முதற் சுற்றில், 45 வயதும் அதற்கு மேலும் உள்ளோரும் அவர்தம் வாழ்க்கைத் துணைவருமாக 72,000-க்கு மேற்பட்டோர் இடம்பெற்றனர். அதில் கைப்பிடியும் நடைவேகமும் அளக்கப்பட்டன.

கைக்கும் ஆயுளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். விரல்களை மடக்கும் பெருந்தசைகள் கையில் இல்லை; முழங்கைக்குக் கீழுள்ள முன்கையில் உள்ளன. அங்கிருந்து நரம்புக் கயிறுகள் போன்ற தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்நுனி வரை செல்கின்றன. நாம் ஒரு செம்பைப் பற்றும்போது மூளை ஆணையிடுகிறது, நரம்பு அதைக் கொண்டு செல்கிறது, தசை சுருங்குகிறது, இரத்தம் அதற்கு உணவூட்டுகிறது. இவற்றுள் எது தளர்ந்தாலும் பிடி தளரும். உடலெங்கும் தசை மெலிந்தால் அச்செய்தி கையிலும் தெரியும். ஆதலால்தான் கைப்பிடியை உடல்நிலையின் அடையாளமாக மருத்துவர் கொள்கின்றனர்.

இங்கே ஒரு பிழையான எண்ணத்தைக் களைய வேண்டும். காய்ச்சலைக் காட்டுவது வெப்பமானி. வெப்பமானியைத் தண்ணீரில் நனைத்தால் காய்ச்சல் தணியுமா? அதுபோல, ரப்பர் பந்தை மட்டும் நாள்தோறும் அமுக்கிக் கொண்டிருந்தால் ஆயுள் நீளும் என்று எவரும் எண்ணற்க. கைப்பிடி ஓர் அடையாளமே. கையோடு காலும், தொடையும், முதுகும் வலுப்பெற வேண்டும். முதியவரை நடமாட வைப்பது தொடையின் வலிமை. நடமாட்டமே மற்றெல்லாவற்றையும் காக்கிறது.

முதுமையில் தசை மெலிவதற்கு "சார்க்கோபீனியா" என்று பெயர். தசை என்றும் வறுமை என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1980-களின் இறுதியில் அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பர்க் அப்பெயரை இட்டார். தசை வறுமை! வறுமையை நன்கறிந்த நமக்கு இச்சொல் எளிதில் விளங்கும். ஐம்பது வயதைக் கடந்தபின் ஆண்டுதோறும் தசையில் நூற்றுக்கு ஒரு பங்கோ இரண்டு பங்கோ குறைகிறது. வலிமையோ அதனினும் விரைவாகக் குறைகிறது. ஆசிய அறிஞர் குழு ஒன்று 2019-இல் வகுத்த வரம்பின்படி, பெண்களுக்கு 18 கிலோவுக்கும் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் கீழே பிடி இறங்கினால் அது தளர்ச்சி.

பெண்களுக்கு ஏன்? அதிலும் நம் பெண்களுக்கு ஏன்?

முதலாவது, பெண்கள் குறைந்த முதலோடு தொடங்குகின்றனர். 2014-இல் வெளியான பிரித்தானியக் கணக்கின்படி, உச்ச வலிமையுள்ள இளம்பருவத்தில் ஆணின் பிடி நடுத்தரமாக 51 கிலோ. பெண்ணின் பிடி 31 கிலோ. கையிருப்புக் குறைந்தவர் சிறிது செலவழிந்தாலும் விரைவில் வெறுங்கையராவது போல, பெண்கள் தளர்ச்சியின் எல்லையை விரைவில் எட்டிவிடுகின்றனர். மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்புக் குறைவதால் எலும்பும் தேய்கிறது. கட்டைவிரலின் அடிமூட்டுத் தேய்வும் ஆண்களினும் பெண்களுக்கே மிகுதி.

இரண்டாவது, இரத்தச் சோகை. 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தச் சோகை உடையவர். இளமையில் வற்றிய இரத்தம் முதுமையில் தானாக ஊறிவிடுமா?

மூன்றாவதே நாம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. "எங்கள் பாட்டி வாழ்நாளெல்லாம் உழைத்தவர், அவருக்கா வலிமையில்லை?" என்று கேட்போர் உண்டு. நம் தாய்மார் நாற்றுப் பறித்தனர், நட்டனர், களையெடுத்தனர், கதிர் அறுத்துக் கட்டுத் தூக்கினர், சித்தாளாகச் செங்கல் சுமந்தனர். உழைப்பே உடற்பயிற்சி என்றால் இந்நாட்டில் நம் பாட்டிமாரைவிட வலிமையுடையோர் இருத்தல் கூடாது. ஆனால் நிலைமை அவ்வாறில்லை. ஏன்?

உழைப்பு வேறு, பயிற்சி வேறு. பயிற்சியில், உடல் களைத்தபின் ஓய்வு உண்டு. ஓய்வுக்குப்பின் உணவு உண்டு. அவ்வோய்விலும் உணவிலுமே தசை வளர்கிறது. கூலி வேலையில் ஓய்வின் நேரத்தை முடிவு செய்பவர் வேறொருவர். பொழுது முழுதும் குனிந்த முதுகு, ஒரே தசைக்கு ஓயாத வேலை, மூட்டுகளுக்குத் தேய்மானம், வீடு திரும்பினால் கடைசியாகக் கிடைக்கும் கஞ்சி, பேறுகாலம் முடிந்த சில வாரங்களில் மீண்டும் சேறு. இத்தகைய உழைப்பு உடலைக் கட்டுவதினும் தேய்ப்பதே மிகுதி. நியாய விலைக் கடையில் கருவியின்மேல் விரல் வைத்தால் "ரேகை பதியவில்லை" என்று எத்தனை தாய்மாரை நிறுத்தி வைக்கின்றனர்! ரேகை தேய்ந்த விரலுக்குள் தசையும் தேய்ந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தோமா?

எம் இல்லத்தில் நேர்ந்த பிழை

பிறர் குறையைச் சொல்வதற்கு முன் எம் குறையைச் சொல்லிவிடுகிறோம்.

எம் தாயார் நாற்பதாண்டுகள் வயலில் கூலி வேலை செய்து எம்மைப் படிக்க வைத்தவர். நாம் தலைமையாசிரியர் ஆனதும் செய்த முதற் காரியம், அவர் கையிலிருந்து எல்லா வேலையையும் பறித்ததே. "இனி நீங்கள் ஒரு துரும்பையும் அசைக்கக் கூடாது அம்மா" என்றோம். கட்டில் போட்டோம், மின்விசிறி மாட்டினோம், தொலைக்காட்சிப் பெட்டி வைத்தோம். அம்மியைத் தோட்டத்தில் தூக்கிப் போட்டோம். அடிகுழாய்ப் பக்கம் போகக் கூடாது என்று தடுத்தோம். நாற்பதாண்டு அடிமைப்பாட்டிற்கு ஈடு செய்துவிட்டதாக உள்ளம் பூரித்தோம். ஒருநாள் அவர், "ஏன் ராசா, அம்மியையும் பிடுங்கிட்டே, இனி என் கைக்கு என்னதான் வேலை?" என்று கேட்டார். அதைக் கிராமத்துப் பழக்கம் விடாத பேச்சு என்று எண்ணிச் சிரித்தோம்.

இரண்டே ஆண்டுகள். முதலில் செம்பை இரு கைகளால் பிடித்தார். பிறகு ஊறுகாய்ப் புட்டியைப் பேரனிடம் நீட்டினார். பிறகு நாற்காலியில் ஊன்றி, "யப்பா" என்று சொல்லியே எழுந்தார். பிறகு இரவில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக் கொண்டார். தண்ணீர் குடித்தால் எழுந்து வெளியே போக வேண்டும். போக ஒருவரை எழுப்ப வேண்டும். இவற்றையெல்லாம் நாம் கண்டோம். வயதின் இயல்பு என்று விட்டுவிட்டோம். ஒருநாள் விடியலில் வாசற்படி தடுக்கி விழுந்தார். கையை ஊன்றியதால் வலக்கை மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டுப் பிரித்தபின் இயன்முறைச் சிகிச்சை அளித்த அம்மையார், முறியாத இடக்கையில் கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். முள் 11 கிலோவில் நின்றது. அவர் எம்மை நோக்கி, "முறிந்த கை சரியாகிவிட்டது சார், ஆனால் முறியாத கை ஏன் இப்படி இருக்கிறது? வீட்டில் என்ன வேலை செய்கிறார்?" என்று வினவினார். "ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை" என்று பெருமையாகச் சொல்ல வாயெடுத்தோம். சொல்லும்போதே விடை எமக்குப் புரிந்துவிட்டது. பிறர் பறித்த ஓய்வைத் திருப்பிக் கொடுப்பதாக எண்ணி, அவருடைய வலிமையை நாம் பறித்துவிட்டோம்.

அவருடைய வேலையைக் குறைத்தது தவறன்று. வேலையை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் அவர்க்கென ஒன்றையும் வைக்காததே தவறு.

தொண்ணூறிலும் தசை வளரும்

இனி நம்பிக்கை தரும் செய்தி ஒன்று. "போன வலிமை திரும்புமா?" என்ற கேள்விக்கு 1990-இல் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் விடை கிடைத்தது. மரியா ஃபியாட்டரோன் என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, ஏறத்தாழ தொண்ணூறு வயதுடைய, தளர்ந்த பத்துப் பேரைத் தேர்ந்து, எட்டு வாரங்கள் கால்தசைகளுக்குப் படிப்படியாக எடை கூட்டிப் பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. இருவர் ஊன்றுகோலையே விட்டுவிட்டனர். ஆயின் அதே ஆய்வு மற்றொன்றையும் காட்டியது: பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில் அவ்வலிமையில் 32 விழுக்காடு குறைந்துபோயிற்று. தொண்ணூறிலும் தசை வளரும். விட்டுவிட்டால் விரைவில் தேயும். பாடமும் அவ்வாறே என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, 65 வயதைக் கடந்தோர் வாரத்திற்கு 150 நிமிடமேனும் நடை முதலிய மிதமான உடலியக்கமும், இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சியை மூன்று நாளேனும் மேற்கொள்ள வேண்டும்.

இதற்குப் பணம் வேண்டா; பெரிய கருவியும் வேண்டா. இளைஞர்களே, உங்கள் வீட்டுப் பாட்டியிடம் இன்றே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றைச் சொல்கிறோம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று காத்துக்கொள்ளுங்கள். 12 நொடிக்கு மேற்படுமாயின் கவனிக்க வேண்டும். கையூன்றாமல் எழவே இயலவில்லையாயின் உடனே கவனிக்க வேண்டும்.

பயிற்சிகளும் எளியனவே. நாற்காலியில் அமர்ந்து எழுதல், தொடக்கத்தில் ஐந்து முறை, பின்னர் பத்து முறை. சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குதல். சுவரோரமாக ஓரடிக்கு முன் ஓரடி வைத்து நடத்தல். கைக்கு, ஈரத் துண்டை இருபுறமும் முறுக்கிப் பிழிதல். துணிப்பந்தை ஐந்து எண்ணும் வரை அமுக்கி விடுதல். செம்பில் அரைச் செம்பு நீரும், வலுவேற வேற முழுச் செம்பு நீரும் கொண்டு தூக்கி இறக்குதல். மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் செய்தல் கூடாது. வாய்விட்டு எண்ணினால் மூச்சு அடங்காது. நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் நிறுத்திவிட்டு மருத்துவரை நாட வேண்டும். வீங்கிச் சிவந்த மூட்டை வருத்தக் கூடாது. இரவில் கட்டைவிரலும் அடுத்த விரல்களும் மரத்துப் போனால், அது மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டதன் அடையாளமாகலாம். பயிற்சியால் மட்டும் தீராது. ஒரு பக்கக் கை மட்டும் திடீரெனச் சோர்ந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதம். கஷாயம் வைத்துக் காலம் கடத்தாமல் அந்நொடியே 108-ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரமே எல்லை.

பயிற்சி மட்டும் போதாது, உணவும் வேண்டும். முதியவர் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும் என்று அறிஞர் அறிவுறுத்துகின்றனர். 50 கிலோ எடையுள்ள தாய்க்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் உண்டு. 100 கிராம் பயற்றில் இருபதுக்கு மேல் உண்டு. ரசமும் சோறும், டீயும் பன்னும் இக்கணக்கை நிரப்பா. பயறு, வேர்க்கடலை, முட்டை, நெத்திலிக் கருவாடு இவை கிடைக்கும். மாட்டிறைச்சி உண்ணும் வழக்கமுள்ள வீட்டில் அதற்காக எவரும் நாண வேண்டுவதில்லை; அது புரதமும் இரும்புச் சத்தும் மிக்க உணவு. சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் மருத்துவரைக் கேட்டு உண்க. எல்லாவற்றிலும் முதன்மையானது, தாய் கடைசியாக உண்ணும் வழக்கத்தை நம் வீடுகளில் ஒழிப்பது. இதற்குச் சட்டம் வேண்டா. ஒரு தட்டு போதும்.

தமிழக அரசு 2021-இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், வீட்டிற்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளித்தலும் சேர்க்கப்பட்டது. நம் தெருவில் எத்தனை வீடுகள் இதைக் கேட்டுப் பெற்றன? படித்த இளைஞர் ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று இத்தகைய உதவிகளைக் கேட்டறிந்து வந்தால் பத்துப் பாட்டிமார் பயன்பெறுவர். கல்வியின் பயன் வேறென்ன?

கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்

முதலாவது, இம்மண்டபத்தின் ஐந்து படிகளுக்கும் இருபுறமும் கைப்பிடிக் கம்பி அமைக்க வேண்டும். வெள்ளி விழா நினைவாகக் கல்வெட்டு ஒன்று பதிக்கப் போவதாக அறிகின்றோம். கல்வெட்டு அடுத்த ஆண்டும் பதிக்கலாம். கம்பி இம்மாதமே வேண்டும். அதற்கு எம் பங்காக ஐயாயிரம் ரூபாய் இம்மேடையிலேயே பொருளாளரிடம் ஒப்படைக்கின்றோம்.

இரண்டாவது, ஞாயிறுதோறும் மாலை வகுப்புப் பிள்ளைகள் அரை மணி நேரம் பாட்டிமாருடன் அமர்ந்து இப்பயிற்சிகளைச் செய்விக்க வேண்டும். டைனமோமீட்டர் ஒன்றைக் கழகம் வாங்கினால், பிள்ளைகள் திங்கள்தோறும் அளந்து வரைபடத்தாளில் குறிக்கலாம். அது அறிவியல் பாடமும் ஆகும். தாய்மாருக்கு மருந்தும் ஆகும்.

மூன்றாவது வேண்டுகோள் வேலைக்குச் சென்று வெளியூரில் வாழும் மகன்களுக்கும் மகள்களுக்கும். பணம் அனுப்புகின்றீர்கள், நன்று. "சும்மா இருங்கள் அம்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் கீரை ஆயட்டும், பூத்தொடுக்கட்டும், கடைக்கு உங்களோடு நடக்கட்டும். அரிசி மூட்டையை நீங்கள் தூக்குங்கள்; கறிவேப்பிலைப் பையை அவர் தூக்கட்டும். பிறர் ஏவலுக்காக அவர் உழைத்த காலம் முடிந்தது. இனித் தமக்காகத் தம் உடலை அசைக்கும் காலம் வரட்டும். அதுவும் ஓர் உரிமையே.

எம் தாயாரின் கதையை முடிக்காமல் விட்டோம். ஓராண்டுப் பயிற்சிக்குப்பின் சென்ற திங்கள் மீண்டும் அளந்தோம். 11-ஆக இருந்த முள் 15-இல் நின்றது. 18-ஐ எட்டவில்லை, எட்டாமலும் போகலாம். இன்று காலை ஐந்து படிகளை அவரால் ஏற இயலவில்லை என்பதை நீங்களே கண்டீர்கள். ஆயினும் இப்போது செம்பை ஒரு கையால் தூக்குகிறார். இரவில் வேண்டுமளவு தண்ணீர் குடிக்கிறார். எவரையும் எழுப்பாமல் தாமே எழுந்து சென்று வருகிறார். தோட்டத்திலிருந்த அம்மி மீண்டும் வீட்டிற்குள் வந்துவிட்டது. அதில் அவர் நாளொன்றுக்கு அரைப்பது ஒரு கரண்டித் துவையலே. அத்துவையல் அவர் விருப்பத்திற்கு அரைத்தது. எவர் கூலிக்கும் அரைத்ததன்று.

தாய்மார்களே! எம் உரை முடிந்தவுடன் நாம் அனைவரும் எழுந்து வெளியே வருகின்றோம். தலைவர் அவர்கள் இசைந்துள்ளார். விழாவின் எஞ்சிய நிகழ்ச்சிகளும், மூத்த தாய்மார்க்குச் சிறப்புச் செய்தலும் புங்க மரத்தடியிலேயே நடைபெறும். அடுத்த ஆண்டு விழாவில், கம்பியைப் பற்றிக்கொண்டு நீங்கள் உள்ளே வர வேண்டும். அதுவரை எங்கள் பிள்ளைகள் உங்களிடம் வருவார்கள்; துணிப்பந்தை உங்கள் கையில் கொடுத்து, "ஒன்று, இரண்டு" என்று எண்ணச் சொல்வார்கள். எங்களுக்கு எண் கற்பித்த கழகம் உங்கள் பிடி அரிசியால் எழுந்தது. அந்த எண்ணிக்கையை உங்களோடு சேர்ந்து சொல்லும் பேற்றை எங்களுக்கு அருளுங்கள்.